மாசி போடாத சுண்டல்

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பகல் சோற்றுக்கு மீனாணம் காய்ச்சாத வீடு குறைவு. கடலை வாசலில் வைத்திருக்கிற ஊர்கள். எனக்கோ பீங்கானின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சுண்டலைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. கீரையையோ காயையோ பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு சட்டியில் பிரட்டி, சூட்டோடு தின்பது. சிங்கள வீடுகளின் மல்லுங்கும் யாழ்ப்பாணத்து வறையும் இதற்கு உறவுதான். எண்ணெய் வேண்டாம், பால் வேண்டாம். மாசியை நிறுத்திவிட்டால் முழுக்கத் தாவர உணவு.

மாசி இல்லாத சுண்டல் சப்பென்று இருக்கும் என்பது எங்கள் உம்மாமாரின் தீர்ப்பு. நான் அதை ஏற்பதில்லை. மாலைதீவில் சூரை மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்து எடுப்பது மாசி. அந்தப் புகை ஏறிவிட்டால் கோவாவுக்கும் கரட்டுக்கும் முருங்கையிலைக்கும் ஒரே வாசம்தான். கரட்டின் இனிப்பு தெரிய வேண்டாமா? முருங்கையின் இலேசான கசப்பு?

சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் கறிவேப்பிலையும் அரிந்து, தேங்காய்ப்பூ, மஞ்சள், உப்பு சேர்த்து முதலில் கையால் நன்றாகப் பிசைய வேண்டும். ருசியெல்லாம் இந்தப் பிசைதலில்தான். தேங்காயின் பால் கசிந்து வெங்காயத்தில் ஊறும். பிறகு அரிந்த காயைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சட்டியை அடுப்பில் ஏற்றலாம். போஞ்சி, கரட் என்றால் கொஞ்ச நேரம் மூடலாம். கீரைக்கு மூடி வேண்டாம், பச்சை நிறம் செத்துவிடும். நாலைந்து நிமிடம் போதும். காய் கடிபடும் பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளி விடுவது இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் கீரை பழுப்பேறும், புளியிலுள்ள விற்றமின் சீயும் சூட்டில் குறையும். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அந்த விற்றமின்தான் துணை. கரட்டின் சத்துச் சேரத் தேங்காயின் கொழுப்பு வேண்டும்.

கோவாவும் கரட்டும் நுவரெலியாப் பக்கத்திலிருந்து லொறியேறி வர வேண்டும். முருங்கை அப்படியல்ல. ஒரு கொப்பை முறித்து நட்டால் எங்கள் கடலோர மணலிலேயே தழைத்துவிடும். 2022இல் காஸுக்காக நாடே வரிசையில் நின்றபோது முருங்கைச் சுண்டலின் அருமை நன்றாகவே தெரிந்தது. வேலியோரத்து இலை, பாதித் தேங்காய், எரிக்க நாலு சிரட்டை. ஒரு நேரச் சோற்றுக்கு ஒரு கறி ஆயிற்று.

ஆனால் விருந்து என்று வந்துவிட்டால் அதை மறந்துவிடுகிறோம். கலியாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் இறைச்சி இருக்கும், கோழி இருக்கும், கத்தரிக்காய்கூட இருக்கும். கீரையைக் காண முடியாது. சீனி வருத்தமும் பிறசரும் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்ட காலத்தில் இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. பிள்ளைக்குக் கலியாணம் பேசி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அன்றைக்கு ஒவ்வொரு சஹனிலும் இரண்டு பிடி முருங்கைச் சுண்டலும் வையுங்கள். சூட்டோடு வையுங்கள், மாசி போடாமல் வையுங்கள்.