முகமூடியும் பேச்சும்

ஏதென்ஸின் துன்பியல் மேடையில் நடிகர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோர் முகத்திலும் முகமூடி. பேசும் பாத்திரங்கள் அத்தனையையும் பெரும்பாலும் மூன்றே பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். கண் கலங்குவதையும் உதடு துடிப்பதையும் காட்ட வழியில்லை. ஆளைப் பேச்சை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

*

சோஃபக்ளீஸின் 'ஆண்டிகனி'யில் வரும் காவலாள். அடக்கம் செய்யக் கூடாது என்று மன்னன் தடுத்த பிணத்தின் மேல் யாரோ மண் தூவிவிட்டார்கள், சேதி அவ்வளவுதான். அதைச் சொல்லுமுன் வழியில் எத்தனை தடவை நின்றான், போவதா திரும்புவதா என்று தன்னோடு எப்படி மல்லுக்கட்டினான் என்றெல்லாம் அளக்கிறான். மன்னன் கிரியோன் எரிந்துவிழுந்த பிறகே விஷயம் வெளியே வருகிறது. உயிர்ப்பயம் எப்படிச் சுற்றி வளைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி இல்லை.

*

கிரியோன் வாயைத் திறந்தால் பொதுவிதி: நாடு ஒரு கப்பல், முரட்டுக் குதிரைக்குச் சின்னக் கடிவாளம் போதும். மகனுக்கு நிச்சயித்த ஆண்டிகனியையா கொல்லப்போகிறீர்கள் என்று அவள் சகோதரி இஸ்மேனி கேட்டால், உழுவதற்கு வேறு நிலம் கிடைக்கும் என்கிற தொனியில் பதில். மகனின் உடலோடு திரும்பும்போது பேச்சுக்குரிய யாப்பே போய்விடுகிறது. புலம்பல் சந்தத்தில் தன் பிழையைச் சொல்லி அழுகிறான். முடிவில் நீதி சொல்லும் வேலை கோரஸுக்குப் போய்ச் சேர்கிறது.

*

பழைய கிரேக்கத்தில், சமஸ்கிருதத்தைப் போலவே, இருவரைக் குறிக்க இருமை என்றொரு எண் உண்டு. தொடக்கக் காட்சியில் ஆண்டிகனி தன்னையும் சகோதரி இஸ்மேனியையும் அந்த இருமையில் சேர்த்தே பேசுகிறாள். சகோதரனை அடக்கம் செய்ய இஸ்மேனி துணைவர மறுக்கிறாள். அதற்குப் பிறகு தங்கள் இருவருக்கும் ஆண்டிகனி இருமையைப் பயன்படுத்துவதில்லை.

*

ஏஸ்கிலஸின் 'ஒரெஸ்தியா', கி.மு. 458. அதன் இரண்டாம் நாடகத்தில் ஒரெஸ்டஸ் இறந்துவிட்டான் என்று ஒரு பொய்ச்சேதி வருகிறது. பெற்றவள் கிளைட்டம்னெஸ்ட்ரா குலத்தின் சாபத்தை விளித்து, அளந்தெடுத்த சொற்களில் துக்கம் கொண்டாடுகிறாள். வளர்த்த தாதியோ, ராத்திரியெல்லாம் அழுத குழந்தையையும், பசியா மூத்திரமா என்று ஊகித்ததையும், ஊகம் தப்பினால் துணி அலசியதையும் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

*

அதே நாடகத்தில் பிலாடீஸ். நண்பன் ஒரெஸ்டஸின் பின்னாலேயே வாய் திறக்காமல் நிற்கிறான். தாயைக் கொல்லத் தயங்கி ஒரெஸ்டஸ் கேட்கும்போது மட்டும் மூன்று வரி, அப்போலோவின் வாக்கை நினைவூட்டி. பிறகு பேச்சே இல்லை.

*

யூரிப்பிடீஸின் மெடியா, கி.மு. 431. வீட்டுக்குள்ளிருந்து ஓலம். வெளியே வந்ததும் கொரிந்தியப் பெண்களிடம் வக்கீலைப் போல நிதானமான வாதம். அரசனிடம் கெஞ்சி ஒரு நாள் அவகாசம் வாங்குகிறாள். கணவன் ஜேசனிடம் முதலில் வசை, அப்புறம் புத்தி வந்த மனைவியின் பணிவு. ஆளுக்கொரு நடை. இதில் எது அவளுடைய பேச்சு என்று கேட்டால், தன் நெஞ்சோடு தனியே பேசும் இடத்திலும் இரண்டு குரல்.

*

கி.மு. 405-இல் அரிஸ்டோஃபனீஸ் 'தவளைகள்' நாடகத்தில் ஏஸ்கிலஸையும் யூரிப்பிடீஸையும் பாதாளத்தில் மோதவிடுகிறார். மனைவி, அடிமை, கன்னி, கிழவி எல்லோரையும் பேசவைத்தேன் என்று யூரிப்பிடீஸ் மார்தட்ட, அதற்கே உமக்கு மரண தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்கிறார் ஏஸ்கிலஸ். மூத்திரத் துணி அலசிய தாதியைப் பேசவைத்தவர் சொல்கிறார்!