பெயர் மாற்றப்பட்ட தீவு

பிறிஸ்பேனுக்கு உறவினர் யாராவது வந்தால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவென்று எங்கட ஆட்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நோர்த் ஸ்ரட்புறோக் தீவு கட்டாயம் இருக்கும். கிளீவ்லன்டில் வாகனத்தோடு பெரிய படகில் ஏறினால் முக்கால் மணித்தியாலம் போலத்தான். புளிச்சாதம், கட்லட், பந்து, பாய் எல்லாம் கொண்டுபோய், குளித்துச் சாப்பிட்டுப் படமெடுத்துப் பின்னேரம் திரும்பிவிடுவோம். போகிறவர்கள் அநேகமாகச் சொல்லும் ஒரு வசனம்: "அப்பிடியே எங்கட ஊர்க் கடற்கரை மாதிரிக் கிடக்கு."

அது வெறும் ஏக்கம் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான். சேற்றுக்குள் மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு நிற்கிறது எங்கட கண்ணாமரம். பாறை விளிம்புகளில் தாழை. மணலில் ஊதாப்பூவோடு படர்ந்து கிடப்பது சாட்சாத் அடம்பன்கொடி. அந்த இலையை இந்த நாட்டுப் பூர்வகுடி மக்கள் கடலில் கடிபட்ட, முள்ளுக்குத்துப்பட்ட இடத்துக்கு மருந்தாக வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் கடற்பசுவும் இருக்கிறது. மன்னார், இராமேஸ்வரம் பக்கத்தில் ஆவுளியா, கடற்பன்றி என்றெல்லாம் சொல்வார்களே, அதேதான். அங்கே காண்பதே அரிதாகி, 2022ல் தமிழ்நாட்டு அரசு பாக்குநீரிணையில் அதற்கென்று ஒரு காப்பகம் அறிவிக்கவேண்டி வந்தது. இங்கே ஒரு பெருநகரத்தின் வாசலில், கடற்புல்லை மேய்ந்துகொண்டு நூற்றுக்கணக்கில் திரிகின்றன.

தீவு முழுக்க மணல். உலகத்தின் மிகப்பெரிய மணல்தீவுகளில் ஒன்று. ஆனாலும் நன்னீர்க் குளங்கள் இருக்கின்றன. பெய்கிற மழையை மணல் குடித்து வைத்திருந்து மெல்லமெல்ல விடுகிறது. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற நல்ல தண்ணியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனித்தான் நான் சொல்லவந்த விசயம். இந்தத் தீவின் பெயர் ஸ்ரட்புறோக் இல்லை. மின்ஜெரிபா. பக்கத்தில் இருக்கிற மோற்றன் தீவு மல்கம்பின். குடாவும் அதைச் சுற்றியுள்ள நாடும் குவன்டமூக்கா. 1770ல் இந்தக் கரையோரமாகப் போன கப்டன் குக் மோர்ட்டன் என்ற பிரபுவின் பெயரை வைத்துவிட்டுப் போனார். பிறகு அச்சில் ஒரு எழுத்துக் கூடி, அந்தப் பிழையே பெயராக நிலைத்தது. 1827ல் வந்த கப்டன் றூஸ் தன் குடும்பப் பட்டங்களான ஸ்ரட்புறோக், டன்விச் இரண்டையும் தீவுக்கும் துறைக்குமாகப் பங்கிட்டார். அந்தத் துறைக்குக் கூம்பி என்று ஏற்கனவே பெயர் இருந்தது.

பெயர் இருந்தது என்றால் ஆட்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். வாலன் வாலன் ஓடைக்கரையில் செய்த அகழ்வாய்வு, மனிதர் 20,000 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்ந்ததைக் காட்டியது. அந்தக் காலத்தில் இது தீவே இல்லை. கடல் ஏறி இன்றைய குடா உருவாகிச் சுமார் 6,000, 7,000 ஆண்டுகள்தான். கடல் வந்து தங்கள் நிலத்தை மூடியதையும் பார்த்த சனம். அவர்கள் சாப்பிட்டுப் போட்ட சிப்பிகள் மேடுமேடாகக் கிடந்தன. வெள்ளைக்காரர் பலவற்றை அள்ளிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கிக் கட்டடங்களுக்குப் பூசினார்கள். ஒரு சனத்தின் வரலாற்றுச் சாட்சி இன்னொரு சனத்தின் சுவருக்குள் போய்விட்டது.

அகதியாக வந்த ஒவ்வொருவரும் தெரிந்திருக்கவேண்டிய கதை ஒன்று இந்தக் குடாவில் இருக்கிறது. 1823 மார்ச்சில் நான்கு பேர் மரம் தறிக்கவென்று சிட்னியிலிருந்து ஒரு சிறு படகில் தெற்கே போனார்கள். கைதிகளாக இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். புயல் அடித்துக்கொண்டு போனது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒருவர் படகிலேயே இறந்துபோனார். மிஞ்சிய பாம்ப்லெட், பினகன், பாசன்ஸ் மூவரும் வாரக்கணக்கில் அலைந்து மல்கம்பின் கரையில் ஒதுங்கினார்கள். சிட்னிக்குத் தெற்கே நிற்கிறோம் என்று நினைத்து, வீட்டுக்குப் போக வடக்கு நோக்கி நடந்தார்கள்! உண்மையில் அவர்கள் ஏற்கனவே நூற்றுக்கணக்கான மைல் வடக்கே வந்துவிட்டார்கள்.

கரையில் இருந்த சனம் அவர்களைக் கண்டு என்ன செய்தது? மீன் கொடுத்தது, கிழங்கு கொடுத்தது, படுக்க இடம் கொடுத்தது. யார் நீ, ஏன் வந்தாய், கடதாசி எங்கே என்று கேட்கவில்லை. மாதக்கணக்காக அந்த மக்களின் சோற்றில்தான் அவர்கள் உயிரோடு இருந்தார்கள். நவம்பர் கடைசியில் ஜோன் ஒக்ஸ்லி என்ற அதிகாரி கப்பலில் வந்து பாம்ப்லெட்டைக் கண்டார். பினகன் ஒக்ஸ்லிக்கு ஆற்றைக் காட்டிக்கொடுத்தார். அதுதான் பிறிஸ்பேன் ஆறு. அடுத்த வருடம் கைதிகள் குடியேற்றம் வந்தது. பின்னால் படை வந்தது, 1830களின் தொடக்கத்தில் தீவுகளில் சண்டையும் சாவும் வந்தன. 1840களின் கடைசியிலிருந்து எண்ணெய்க்காகக் கடற்பசுக்களைக் கொன்றார்கள். குவீன்ஸ்லாந்துச் சட்டம் அவற்றைக் காப்பாற்ற 1969 வரை காத்திருக்கவேண்டி இருந்தது.

ஆக, இந்த நகரத்தில் அனுமதி கேட்காமல் படகில் வந்திறங்கி முதன்முதல் வாழ்ந்த வெள்ளைக்காரர் இவர்கள்தான். படகில் வருகிற எவரும் இனி இங்கே குடியேறவே முடியாது என்று 2013 யூலை 19ந் திகதி அறிவித்த அரசாங்கத்தின் நாட்டில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அதற்காக அந்த மக்கள் சும்மா அழிந்துபோனவர்களும் இல்லை. கூம்பியில் இருந்த அரசாங்க முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர்கள் பல வருடம் போராடி 1944ல் சம சம்பளம் வாங்கினார்கள். கண்டுபிடித்துப் பார்த்தால், இந்த நாட்டிலேயே அப்படி வென்ற முதல் ஆட்களில் அவர்களும் அடங்குவார்கள். 1920ல் இத்தீவில் பிறந்த ஊஜெரூ நூனுக்கல் 1964ல் கவிதை நூல் வெளியிட்டார். அவுஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு அது. 2011 யூலையில் மின்ஜெரிபாவிலும், 2019 நவம்பரில் மல்கம்பினிலும் அவர்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது. பல பத்தாண்டுகள் தீவைத் தோண்டிய மணல் அகழ்வும் 2019 முடிவோடு நின்றது. வடக்கே பிறேசர் தீவு 2023ல் மறுபடி கர்ரி என்ற தன் பழைய பெயருக்கே வந்துவிட்டது.

இதை நான் எங்கட ஆட்களிடம் சொன்னால், "அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? நாங்களே அகதி" என்கிறார்கள். நியாயம்தான். அவர்களின் காணியைப் பிடித்தது நாங்கள் இல்லை. ஆனால் மணலாறு வெலிஓயா ஆனதை நாற்பது வருடமாகச் சொல்லி அழுகிற சனம் நாங்கள். பெயரை மாற்றுவது காணியைப் பிடிப்பதன் அரைவாசி என்று உலகத்துக்கு வகுப்பெடுக்கிற சனம் நாங்கள். எங்கள் விழாக்களில் விளக்கேற்ற முதல், இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை என்று ஒரு துண்டைப் பார்த்து அவசரமாக வாசிக்கிறோம். எந்தப் பூர்வகுடி, என்ன பெயர் என்று மேடையில் இருக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

மின்ஜெரிபாவில் நூனுக்கல், கோயன்பல். மல்கம்பினில் ஙூகி. ஆங்கிலேயருக்கு நாக்குப் புரளாத அந்தக் கடைசிப் பெயரின் முதல் ஒலிக்கு எங்களிடம் ஒரு எழுத்தே இருக்கிறது. அரிவரியில் மனப்பாடம் செய்துவிட்டு, சொல்லின் முதலில் எழுத ஒருபோதும் சந்தர்ப்பம் கிடைக்காத "ங". தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஙகரத்துக்கு ஒரு உதாரணச் சொல் எழுதிக்கொடுங்கள். அது யாருடைய பெயர் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.