பதினாலு வீடு போதும்

வீட்டுல மசாலாப் பொடி அரைச்சு விக்கறவங்க, தையல் தைக்கறவங்க, புதுசா செக்கு போட்டவங்கன்னு பல பேரு எனக்குப் போன் பண்ணி ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. "அண்ணா, கையில காசு இல்ல. விளம்பரம் எப்படிப் பண்றது? நீங்க மட்டும் எப்படி அரிசியை விக்கறீங்க?"

நான் படிச்சது பத்தாவது. மார்க்கெட்டிங்னு தனியா ஒரு படிப்பு இருக்குதுன்னே என் பையன் சொல்லித்தான் தெரியும். ஆனா எனக்கு ஒரு கணக்கு தெரியும். அதை எழுதிட்டா இந்தக் கேள்விக்கு முக்கால்வாசி பதில் வந்துடும்.

நான் ரெண்டு ஏக்கர்ல தூயமல்லி போடறேன். ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில 18 மூட்டை வந்தா எங்க மண்ணுக்கு அது நல்ல விளைச்சல். ரெண்டு ஏக்கருக்கு 36 மூட்டை, 2,700 கிலோ நெல்லு. அரைச்சா நூறு கிலோவுக்கு 60 கிலோ அரிசி நிக்கும். ஆக மொத்தம் 1,620 கிலோ அரிசி. பட்டணத்துல நாலு பேரு இருக்கற வீட்டுக்கு மாசம் பத்து கிலோ போதும், வருஷத்துக்கு 120 கிலோ. 1,620-ஐ 120-ஆல வகுத்துப் பாருங்க. பதிமூன்றரை வருது.

பதினாலு வீடு. என் ரெண்டு ஏக்கர் நெல்லை வாங்க மொத்தத்துல பதினாலு வீடு போதும்!

இந்தக் கணக்கை முதமுதல்ல போட்டப்ப நானே ரெண்டு தடவை சரிபார்த்தேன். சென்னையில எத்தனை லட்சம் வீடு இருக்கு! அதுல எனக்கு வேண்டியது பதினாலு. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துல ரெண்டு மாடி. இதுக்கு எதுக்கு பேனரு, பேப்பர் விளம்பரம், பேஸ்புக்குக்குக் கட்டற காசு? ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறது பெரிய கம்பெனிக்காரன் வேலை, அவன்கிட்ட சரக்கு மலையாட்டம் குவிஞ்சிருக்கு. நம்மகிட்ட இருக்கறது 36 மூட்டை.

விலைக் கணக்கையும் சொல்லிடறேன். 2023-24 பருவத்துல சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசு வெச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,203 ரூபாய். அதுக்கு மேல நம்ம மாநில அரசு ஊக்கத்தொகைன்னு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துச்சு. களத்து மேட்டுக்கு வர்ற வியாபாரி ஈரம், பதருன்னு சொல்லி அதுலயும் குறைப்பான். அதே நூறு கிலோ நெல்லை நான் அரைச்சு 60 கிலோ அரிசியா கிலோ 70 ரூபாய்க்கு விக்கறேன். 4,200 ரூபாய் வருது. அரைக்கற கூலி, பை, ஏத்துக்கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் கிலோவுக்குப் பத்து ரூபாய்னு கழிச்சா 3,600 நிக்குது. ஆதார விலையைவிட குவிண்டாலுக்கு ஏறக்குறைய 1,400 அதிகம். 27 குவிண்டாலுக்கு 37,000 ரூபாய்க்கு மேல.

பட்டணத்துல இருக்கறவங்களுக்கு 37,000 பெரிய காசா தெரியாது. எங்களுக்கு அந்தக் காசுதான் நிலத்தை வெச்சிருக்கறதா, வித்துடறதான்னு முடிவு பண்ணுது. எங்க எளாவூர்ல இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஹைவேஸ் ஓரமா வந்து பாருங்க. ஒரு பக்கம் கம்பெனி, இன்னொரு பக்கம் கலர் கொடி நட்ட பிளாட்டு. புரோக்கருங்க வீட்டு வாசல்லயே வந்து உக்காந்துக்கறாங்க. "இந்த நெல்லு போட்டு இன்னாத்த கண்ட?"ன்னு கேக்கறாங்க. நஷ்டத்துல இருக்கறவனுக்கு அதுக்குப் பதில் சொல்ல வாய் வராது. நான் சொல்றேன்னா அந்த 37,000-தான் சொல்ல வைக்குது.

சரி, பதினாலு வீடு எப்படிக் கெடைச்சுது?

இதுல எனக்கு வாத்தியாரு எங்க ஊருக்கு மீன் கொண்டாற அக்காதான். எங்களுக்குக் கிழக்கால பழவேற்காடு ஏரி. சுண்ணாம்புகுளம் பக்கத்துல இருந்து கூடையில மடவை, இறாலு, நண்டு எடுத்துக்கினு வரும். அது கூவற சத்தத்தைக் கேட்டே எங்க தெருவுல மணி சொல்லலாம். ஒரு நாள் முன்னாடி, ஒரு நாள் பின்னாடின்னு வராது. செவுளைத் தூக்கி சிவப்பைக் காட்டிட்டுத்தான் விலையே பேசும். எந்த வீட்டுல புரட்டாசி விரதம், எந்த வீட்டுல பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கு, எந்த வீட்டுப் புள்ளைக்கு நண்டு ஆகாதுன்னு எல்லாம் அதுக்கு அத்துப்படி. ஏரியில மீன் படலைன்னா, "இன்னிக்கு நல்லா இல்லைம்மா, நாளைக்கு வாங்கிக்கோ"ன்னு என் வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிடும். நிறுத்து போட்ட பிறகு கொசுறா நாலு இறாலு. போர்டு இல்ல, நோட்டீஸு இல்ல, போனைக்கூட பேச மட்டுந்தான் எடுக்கும். ஆனா அதோட வீடுங்களை இன்னொருத்தர் வந்து பிடிக்க முடியாது.

அதுகிட்ட நான் கத்துக்கினது மூணு. சொன்ன நேரத்துக்கு வர்றது. சரக்கைத் தெறந்து காட்டறது. வாங்கறவங்க வீட்டை மனசுல வெச்சிருக்கறது. மூணுக்கும் செலவு கிடையாது.

கையில கொடுத்துப் பார்க்க வைக்கறதுங்கறது பெரிய ஆளுங்களும் செஞ்ச வேலைதான். கடலூர்ல சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயை வெச்சுக்கிட்டு சிக் ஷாம்பு ஆரம்பிச்சவரு. கிராமத்துல போயி சின்னப் பசங்களை உக்கார வெச்சு, ஊரே பார்க்கத் தலைக்குத் தேச்சுக் காட்டினாங்க. காலி ஷாம்பு பாக்கெட்டைக் கொண்டாந்தா ஒரு சிக் பாக்கெட் இலவசம்னாங்க. அதுதான் இன்னிக்கு கெவின்கேர்னு நிக்குது. நெல் ஜெயராமன் ஐயா செஞ்சது வியாபாரமே இல்ல, ஆனா பரப்பற வேலையில அவரை மிஞ்ச ஆளு கிடையாது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி, ஒரு விவசாயிக்கு ரெண்டு கிலோ பாரம்பரிய விதை நெல்லு கொடுப்பாரு. அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும். அந்த நாலு கிலோ இன்னும் ரெண்டு பேருக்குப் போகும். 2018 டிசம்பர்ல அவரு போயிட்டாரு. அவரு பரப்பின நெல்லு இன்னும் வயல்ல நிக்குது.

நானும் அதையே சின்ன அளவுல செஞ்சேன். எங்க ஊருல பொறந்து சென்னையில வேலை பார்க்கற பசங்க மூணு பேரு கையில அரைக் கிலோ அரைக் கிலோவா பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். "பக்கத்து வீட்டுக்குக் கொடு. வடிச்சுப் பார்க்கச் சொல்லு, வாங்கச் சொல்லாதே"ன்னேன். மொத்தம் பத்து கிலோ அரிசி, இருபது பொட்டலம். அதுல ஒன்பது வீடு திரும்பிப் பேசுச்சு, ஆறு வீடு நின்னுச்சு. மீதி எட்டும் அந்த ஆறு வீடு சொல்லி வந்தது. என் விளம்பரச் செலவு 700 ரூபாய் அரிசியும், ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான். துணிப்பையில என் பேரு, போன் நம்பரு, நெல்லு ரகம் ஸ்டாம்பு அடிச்சிருக்கும். அரைச்ச தேதியைப் பேனாவால எழுதுவேன். அரைச்சு நாள் ஆன அரிசி வண்டு வைக்கும், அதனால தேதி முக்கியம். நெல்லாவே வெச்சிருந்து மாசா மாசம் அரைச்சு அனுப்பறேன்.

போன்ல செய்யறது இதுதான். வாட்ஸ்அப் பிசினஸ்னு ஒரு ஆப் இருக்கு, இலவசம். அதுல பதினாலு பேரையும் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்ல போட்டிருக்கேன். நம்ம நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் அந்தச் செய்தி போகும். அதனால முதல் பையோடவே "நம்பரைப் பதிஞ்சுக்கோங்கம்மா"ன்னு கேட்டுக்குவேன். காலை வணக்கம், பூப்படம், சாமிப்படம் எதுவும் அனுப்ப மாட்டேன். மாசத்துக்கு ரெண்டே செய்தி. ஒண்ணு வயல்ல இன்னா நடக்குதுன்னு ஒரு போட்டோ, கூட அரை நிமிஷம் பேச்சு. இன்னொண்ணு, என்னைக்கு அரைக்கறேன், எத்தனை கிலோ வேணும்னு. மீன்கார அக்கா அத்தனை வருஷமா செஞ்சதைத்தான் நான் போன்ல செய்யறேன்.

ஒரு விஷயத்துல பல பேரு எனக்கு எதிரா பேசுவாங்க. "இயற்கை விவசாயம்னு போடு, கிலோவுக்கு முப்பது ரூபாய் சேர்த்து விக்கலாம்"னு சொன்னாங்க. நான் அடியுரமா தொழுவுரம் போடறேன், பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கறேன். ஆனா மேலுரமா கொஞ்சம் யூரியா போடறேன். அதையும் சொல்லித்தான் விக்கறேன். இதைக் கேட்டு ரெண்டு வீடு வேணாம்னு விலகிட்டாங்க. அது அவங்க உரிமை. மிச்சம் இருக்கறவங்க, நான் எதைச் சொன்னாலும் நம்பறாங்க.

அந்த நம்பிக்கைக்கு 2023-ல பரீட்சை வந்துச்சு. டிசம்பர் மாசம் மிக்ஜாம் புயல். அஞ்சாம் தேதி ஆந்திராவுல பாபட்லா பக்கத்துல கரை ஏறினதுதான், ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நாளு சென்னையையும் எங்க திருவள்ளூர் மாவட்டத்தையும் தண்ணியில முக்கி எடுத்துடுச்சு. தூயமல்லி உசரமான பயிரு. கதிரு முத்தற நேரத்துல அப்படியே சாஞ்சு தண்ணியில படுத்துடுச்சு. கதிரை அள்ளி நிமித்திக் கட்டி, தண்ணிய வடிச்சு, எடுத்த வரைக்கும் எடுத்தோம். 36 மூட்டை வரவேண்டிய இடத்துல 21 மூட்டை. அரைச்சா பாதி நொறுங்கி குருணையாப் போச்சு, நிறமும் மங்கல். வியாபாரி கையில எடுத்துப் பார்த்துட்டுக் கீழ போட்டுட்டான்.

நான் சாஞ்ச பயிரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அரிசியை ஒரு தட்டுல கொட்டி அதையும் அனுப்பினேன். "இந்த வருஷம் அரிசி இப்படித்தான் இருக்கு. சோத்துக்கு அழகா இருக்காது. வேணாம்னா தப்பா நினைக்க மாட்டேன். முழு அரிசி 60, குருணை 35"ன்னு பேசி அனுப்பினேன். அவங்க வீடுங்கள்லயும் அப்பத்தான் தண்ணி வடிஞ்சிருந்துச்சு. வேளச்சேரியில இருக்கற ஒரு அம்மா முதல்ல பேசினாங்க. "அண்ணா, குருணை எனக்கு அஞ்சு கிலோ போடுங்க. உப்புமா, கஞ்சின்னு ஓட்டிக்கறோம். நிலத்தை மட்டும் விட்டுடாதீங்க"ன்னாங்க. பதினாலுல பன்னெண்டு வீடு வாங்கினாங்க. அந்த வருஷம் எனக்கு லாபம் இல்ல. ஆனா கடனுக்கு வட்டி கட்டி, அடுத்த விதைக்கும் காசு நின்னுச்சு. எந்த விளம்பரம் போட்டிருந்தாலும் அந்தக் குருணையை வித்திருக்க முடியாது.

இப்ப பதினைஞ்சாவது வீடு கேட்டு வந்தா இன்னா செய்யறேன்? பக்கத்து வயல்காரர் நம்பரைக் கொடுத்துடறேன். வெளிய நெல்லு வாங்கி என் பையில போட்டு வித்தா நானும் வியாபாரி ஆயிடுவேன், அப்புறம் அந்த ஸ்டாம்புக்கு மதிப்பு கிடையாது. பழவேற்காடு ஏரியில மீனவங்க காலங்காலமா 'பாடு'ன்னு ஒரு முறை வெச்சிருக்காங்க. மீன் நல்லா படற இடத்தை ஒருத்தரே வளைச்சுக்க முடியாது. சீட்டு எடுத்து, முறை வெச்சு, ஆளுக்கு ஒரு நாளுன்னு வலை போடுவாங்க. அதை எங்க வாடிக்கைக்கும் வெச்சுக்கினோம். இப்ப எங்க பக்கத்துல நாலு பேரு இப்படி நேரா விக்கறோம். ஒருத்தருக்குக் கடலை, ஒருத்தருக்கு எள்ளு எண்ணெய். என் வீடுங்களுக்கு எண்ணெய் வேணும்னா அவருகிட்ட அனுப்பறேன், அவரு அரிசிக்கு எங்கிட்ட அனுப்பறாரு.

அரசாங்கம் செஞ்சதையும் சொல்லணும். 1999 நவம்பர் 14 அன்னிக்கு மதுரை அண்ணாநகர்ல கலைஞர் முதல் உழவர் சந்தையைத் தெறந்து வெச்சாரு. கமிஷன் இல்லாம விவசாயி நேரா விக்கற இடம். காய்கறிக்காரங்களுக்கு அது பெரிய வழி. சந்தை பக்கத்துல இருக்கறவங்க கட்டாயம் பயன்படுத்திக்கணும். அங்கயும் பாருங்க, நூறு கடை இருந்தாலும் பழகின முகத்தைத் தேடித்தான் ஜனம் போகும்.

உங்க தொழிலுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு ரெண்டு ஜாக்கெட்டுத் தைக்க முடிஞ்சா மாசத்துக்கு அம்பது. வீட்டுக்கு மாசம் ஒண்ணுன்னு வெச்சாலும் அம்பது வீடு போதும், அது ரெண்டு தெரு. டியூஷன் எடுக்கறவங்களுக்கு இருபது புள்ளைங்க. முதல்ல உங்க கையால எவ்வளவு முடியும்னு எண்ணுங்க, அப்புறம் எத்தனை வீடு வேணும்னு எண்ணுங்க. அந்த எண்ணிக்கை நீங்க பயந்ததைவிடச் சின்னதாத்தான் இருக்கும். அவங்க பேரைக் கேட்டு, ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க.

வாங்கற பக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டு அரிசி எந்த ஊரு நெல்லுன்னு தெரியலைன்னா, ஊருப் பக்கம் போறப்ப ஒரு விவசாயியைப் பிடிங்க. இன்னா ரகம், என்ன உரம் போட்டாரு, எப்ப அரைச்சாருன்னு கேளுங்க. பிடிச்சா நல்ல வருஷத்துல மட்டும் வாங்காம, மழை அடிச்ச வருஷத்துலயும் அஞ்சு கிலோ வாங்குங்க. நிலத்தைக் கொடி நட விடாம வெச்சிருக்க ஒரு ஆளுக்கு வேண்டியது பதினாலு வீடுதான்.

இந்த மாசம் அரைக்கறது ஞாயித்துக்கிழமை. பையெல்லாம் துவைச்சுக் காயப் போட்டிருக்கு.