இருபத்தைந்தடி வண்டி, ஓரடியில்

பதினெட்டாம் நம்பர் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மில்லிமீட்டர். அதை 25ஆல் பெருக்கினால் 31.75 வரும், ஒன்றேகால் அங்குலம். டிராக் பந்தய வண்டியின் சட்டத்தில் ஓடும் குரோம்மோலி எஃகுக் குழாய்களில் ஒரு வகைக்கு இதே அளவுதான். பதினாறாம் நம்பர் ஊசி 1.65 மில்லிமீட்டர். அது ஓட்டுநரைச் சுற்றி நிற்கும் கூண்டுக்குப் பொருந்தும்.

இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பந்தய வண்டி மாடல் செய்பவர், கெடாவில் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். எஸ்.பி.எம். முடித்த கையோடு கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் டூல்ரூமுக்குப் போனவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். சர்க்யூட் பலகையில் பசைச் சொட்டு வைக்க முனை மழுங்கிய ஊசிகள் அங்கே உண்டு. அவற்றைப் பார்த்ததும் வண்டிச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வந்ததாம். இப்போது அதே வகை ஊசியை இணையத்தில் டப்பா டப்பாவாக வாங்குகிறார். "பேரு மட்டும் போட வேணாம் தம்பி. நான் எதுக்கு லீவு போடுறேன்னு சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமானின் கடைசி வரிசை வீடு. பின் சமையலறையை நீட்டிக் கட்டிய இடத்தில் அவருடைய மேசை. அதில் இரண்டு டிராக்ஸ்டர் மாடல்கள் அருகருகே நின்றன. ஒன்றில் என்ஜின் ஓட்டுநருக்கு முன்னால், மற்றதில் பின்னால். நான் கேட்பதற்குள் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் திடலில் பந்தயக்காரர் டான் கார்லிட்ஸின் வண்டி கிளம்பும்போதே கியர்ப்பெட்டி வெடித்து, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. மறு ஆண்டு என்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு வந்தார், ஜெயித்தார். அதன்பின் சில வருடங்களிலேயே முன் என்ஜின் வண்டிகள் வழக்கொழிந்தன. "அதனால வருசம் தெரியாம பைப்ப வெட்டக் கூடாது. எழுபதுல ஓடுன வண்டிக்கு எழுபத்தஞ்சு சாமானப் போட்டா அது பொய்யி."

டிராக் பந்தயம் தெரியாதவர்களுக்கு: இரண்டு வண்டிகள், நேர்க்கோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர். விளக்குக் கம்பம் பச்சை காட்டியதும் பாய வேண்டும். அமெரிக்காவில் இதை ஒழுங்குபடுத்தும் என்.எச்.ஆர்.ஏ. 1951இல் தொடங்கியது. நைட்ரோமீத்தேன் குடிக்கும் இரண்டு பெரிய பிரிவுகளுக்கு மட்டும், 2008இல் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா இறந்தபின் தூரத்தை 1000 அடியாகக் குறைத்தார்கள். அவற்றில் ஒன்றான டாப் ஃபியூயலின் இன்றைய வண்டியில் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 300 அங்குலம், இருபத்தைந்து அடி. இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் சரியாக ஓரடி. பள்ளிக்கூட ரூலர் ஒன்று போதும் என்று சிரித்தார். போதாது. மேசையில் இருந்த டிஜிட்டல் கேலிப்பர் நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டியது.

வேலை பலகையில் தொடங்குகிறது. வண்டிச் சட்டத்தின் படத்தை மாடலின் அளவுக்கே அச்சடித்துப் பலகையில் ஒட்டி, கோடுகளின் இருபுறமும் குண்டூசி அடிக்கிறார். வெட்டிய குழாய்கள் அந்தக் குண்டூசிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். நேராக ஓடுவதற்கு மட்டும்தான் ஊசிக்குழாய். வளைத்தால் அது மடங்கி உடையும். வளைவுகளுக்குப் பித்தளைக் கம்பி. மூட்டுகளில் கம் காஜா எனும் சூப்பர் குளூ ஒரு துளி, மேலே முகப்பவுடர். இரண்டும் சேர்ந்தால் கெட்டியாக இறுகும். அரம் போட்டால் வெல்டிங் தடம் போலவே உருவம் வரும். "வீட்டுல குட்டிக்குரா டப்பா என்னிக்கும் நிறைஞ்சு இருந்ததில்ல" என்று அடுப்பங்கரையிலிருந்து அவர் மனைவியின் குரல்.

பிளக் வயர்தான் என்னை அசத்தியது. நிஜ வண்டியில் எட்டு மில்லிமீட்டர் தடிமன், இங்கே 0.32. மோட்டார் சுற்றும் கடையில் வாங்கிய எனாமல் செம்புக்கம்பி. எட்டுக் கம்பிகளையும் கண்டபடி செருகிவிட்டு மூடியைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் செருகுவதில்லை. கிறைஸ்லர் ஹெமி என்ஜினின் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒவ்வொரு கம்பியும் மேக்னெட்டோவில் அந்த வரிசைப்படி கிளம்பி அதனதன் சிலிண்டருக்குப் போய்ச் சேர்கிறது. பூதக்கண்ணாடி வைத்து நான் தொடர்ந்து பார்த்தேன். தவறில்லை.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் கெடாவுக்கு வர வேண்டும். டிராக் வண்டியின் பின் டயரில் காற்று மிகக் குறைவு. கிளம்பும் கணத்தில் அச்சு திரும்பும், தரையைப் பிடித்த ரப்பர் திரும்பாது. பக்கச் சுவர் சேலை மடிப்புபோலச் சுருங்கும். கடையில் கிடைக்கும் மாடல் டயர்கள் கெட்டியானவை, அவற்றில் மடிப்பு விழாது. இவருடைய அம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர். மகன் அந்தப் பாலையே கையில் எடுத்தார்.

முதலில் மெழுகிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு மூல டயர். அதைச் சுற்றி ஜிப்சம் அச்சு. அச்சுக்குள் ரப்பர்ப்பாலை ஊற்றிச் சற்று நேரம் விட்டால், ஜிப்சம் நீரை உறிஞ்சி, சுவரோரமாக ரப்பர்த் தோல் படியும். மீதிப் பாலைக் கவிழ்த்துவிட வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள டயர் கிடைக்கும். சக்கரத்தில் மாட்டித் திருகினால் மடிப்பும் கிடைக்கும். கேட்க எளிது. ஆனால் மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் நீர். காயக் காயச் சுருங்கும். அளவு போச்சு. வல்கனைஸ் ஆகாத பால் நாளாக ஆக ஒட்டத் தொடங்கும், தூசு பிடிக்கும். பிறகு கையுறைத் தொழிற்சாலைகள் பயன்படுத்துவது போன்ற, முன்பே வல்கனைஸ் செய்து 60 விழுக்காட்டுக்குச் செறிவூட்டிய பாலுக்கு மாறினார். அதற்கும் சுருக்கம் உண்டு. மூல டயரை அந்த அளவுக்குப் பெரிதாகச் செதுக்குகிறார். எத்தனை விழுக்காடு பெரிது என்று கேட்டேன். "அது ஊருக்கு ஊரு மாறும்" என்று நழுவினார். தொழில் ரகசியம் இல்லாத கைவேலைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய அக்கா வந்தார். பிறையில் மேட்டல் நிறுவனத்தின் பொம்மைத் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. அக்கா இங்கிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்து, டாம்போ மெஷினில் நின்றவர். பள்ளம் வெட்டிய தகட்டிலிருந்து மையை ஒரு சிலிக்கோன் திண்டு எடுத்து, வளைந்த கார் மேல் அமுக்கும். ஒரு நிறத்துக்கு ஓர் அமுக்கு. கைக்குக் கிடைக்கும் மேட்டலின் ஹாட் வீல்ஸ் காரைத் திருப்பிப் பாருங்கள், அடித்தட்டில் மலேசியா என்று பொறித்திருக்க வாய்ப்பு அதிகம். 1970இல் டான் புருடோம், டாம் மெக்யூவன் என்ற இரு பந்தயக்காரர்களைப் பாம்பு, கீரி என்ற அவர்களுடைய பட்டப்பெயர்களோடு, மஞ்சளும் சிவப்புமாக வண்டி கொடுத்து ஊர் ஊராக மோதவிட்டதும் இதே மேட்டல்தான். பொம்மை விற்ற காசு நிஜப் பந்தயத்தை ஓட்டியது. அக்காவுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் தம்பி ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று அரை மில்லிமீட்டர் சாய்ந்திருப்பதை உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அது உரிக்கப்பட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அமெரிக்க வண்டிகளைப் பார்த்து வியந்தேன், மனம் ஒட்டவில்லை. அவற்றுக்கு ஏராளமான புகைப்படங்களும் புத்தகங்களும் இருக்கின்றன, ஏ.எம்.டி., ரெவல் கிட்டுகள் நூறு ரிங்கிட்டைத் தாண்டினாலும் வாங்க முடிகிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் துணி போர்த்தி வைத்திருந்த கஞ்சில்தான் என்னை உட்கார வைத்தது. 1994இல் பெரோடுவா இறக்கிய 660 சிசி குட்டிக் கார். ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக, அதாவது பாதியாக வெட்டிய காரோடு, வரும் டர்போ என்ஜினைப் போட்டு, சீட்டையெல்லாம் கழற்றி, நம் பையன்கள் டிராக் ஓட்டிய வண்டி. இதற்கு எந்தக் கடையிலும் நான் கிட் பார்த்ததில்லை. எனவே நண்பரின் காரை வீட்டு வாசலில் நிறுத்தி டேப் பிடித்திருக்கிறார். சக்கர மையங்களுக்கு இடையே 2280 மில்லிமீட்டர். இதற்கு 24இல் ஒரு பங்கு. ஜப்பானிய மாடல்களின் சக்கரமும் சீட்டும் அந்த அளவில்தான் கிடைக்கும். 95 மில்லிமீட்டர், மிச்சமில்லாமல் வகுபடுகிறது. ஜெலுத்தோங் மரத்தில் உடலைச் செதுக்கி, பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் இளக்கி, வேக்கம் கிளீனரால் இழுத்து அதன்மேல் படியவைத்திருக்கிறார். கிட் பிளாஸ்டிக்கின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் அது 36 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, பீரங்கி வண்டிக்குத்தான் சரி. இவருடைய கஞ்சிலின் கதவோரம் காகிதமாக மெலிந்திருந்தது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகன் இதையே கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கலாம் என்கிறான். அவர் மறுக்கவில்லை. "எடு. ஆனா அளவு எங்கேருந்து கொண்டுவருவ?" என்கிறார். நியாயமான கேள்வி. கூலிமில் இனோகோம் கார் பூட்டுகிறது, குரூணில் மொடெனாஸ் மோட்டார்சைக்கிள் செய்கிறது. 1985இல் புரோட்டோன் சாகாவைக் கொண்டுவந்த மகாதீரே அலோர்ஸ்டார்க்காரர். வண்டியோடு இவ்வளவு சம்பந்தமுள்ள மாநிலத்தில், நம் பட்டறைகளில் உருமாற்றி ஓட்டிய வண்டிகளின் அளவை எழுதிவைத்தவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. அடுத்து அவர் செய்ய நினைப்பது டட்சன் 120ஒய். அது பந்தயத்தில் ஓடிய கோலத்தில் வேண்டுமாம். அப்படி ஒன்றை அளக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கொல்லையில் 120ஒய்யோ பழைய சாகாவோ துருப்பிடித்துக் கிடந்தால், இரும்புக்கடை லாரி வருமுன் நான்கு பக்கமும் நேராக நின்று படம் எடுங்கள். சக்கர மையங்களின் தூரம், கூரையின் உயரம், முன் கண்ணாடியின் சரிவு ஆகியவற்றை டேப் வைத்து அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பந்தயம் ஓடிய வண்டியென்றால் கூண்டுக் குழாயின் விட்டத்தையும் குறித்துவிடுங்கள்.