மனுவில் விடுபட்டது

வங்கியில் குமாஸ்தா, ஆங்கிலம் பி.ஏ. படித்தவன் என்ற இரண்டு தகுதிகளால் எங்கள் பகுதியில் மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் விமர்சனம் எழுதுகிறவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு யாரிடமாவது போயிருப்பார்கள்.

சென்னையின் தெற்கு மின்ரயில் மார்க்கத்தில் எங்களுடையது ஒரு சிறிய ஸ்டேஷன். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர்கேஜ். 2004-இல் அதன் கடைசி மிச்சமும் போய், 1000 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1676 மில்லிமீட்டர் பாதை மட்டும் நிலைத்தது. வண்டிகள் மாறின. எங்கள் நடைமேடையின் தெற்குக்கோடி மட்டும் இன்னும் தாழ்ந்தே கிடக்கிறது. பெண்கள் பெட்டி வந்து நிற்பது அங்கேதான். அதை உயர்த்த வேண்டும். மேம்பாலத்துக்கு ஒரு சாய்தளம் வேண்டும். கழிப்பறையின் பூட்டைத் திறக்க வேண்டும். எங்கள் கோரிக்கைகள் இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் திண்ணையில் கூடினோம். சங்கத்தின் செயலாளர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருப்பார். எதற்கும் உணர்ச்சிவசப்பட மாட்டார். படி ஏற முடியாதவர்கள் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும், ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம்வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், ஆகவே அதை நாமே எழுதிக் கொடுக்கக்கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான்.

பூக்காரம்மாவும் வந்திருந்தார். தினமும் கூடையோடு மாம்பலம் போய் விற்றுவிட்டு ராத்திரி திரும்புகிறவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் பேசியது ஒரே தடவைதான்.

“கீய எறங்கசொல்ல யாராச்சும் கை குடுக்கணும் தம்பி. தெனம் ஒருத்தர்கிட்ட கை நீட்ட வெக்கமா கீது.”

நான் அதைக் குறித்துக்கொண்டேன். செயலாளர் எட்டிப் பார்த்தார். “இதெல்லாம் வேண்டாம் சார். ஆபீஸ்ல சிரிப்பாங்க. அளவு போடுங்க” என்றார். மறுநாள் டேப் வைத்து அளந்தோம். உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் கணக்கு. எங்கள் தெற்குக்கோடி அதில் பாதிகூட இல்லை. ‘பயணிகளின் நலன் கருதி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடித்தேன். கவிதையில் ஒரு தேய்ந்த சொல்லைக் கண்டால் இரண்டு பக்கம் எழுதுகிறவன் நான். ‘ஆவன’ என்று எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை.

அச்சடித்த பதில் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம்.

அன்று ராத்திரி ஓகில் சந்திர சென் ஞாபகத்துக்கு வந்தார். 1909-இல் சாஹிப்கஞ்ச் ரயில்வே ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதிய வங்காளி. பலாப்பழம் அதிகம் தின்றதில் வயிறு கெட்டு, அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். அதற்குள் கார்டு ஊதிவிட்டான். ஒரு கையில் செம்பு, ஒரு கையில் வேட்டியோடு ஓடி விழுந்து, ஆண்கள் பெண்கள் எல்லோர் முன்னாலும் மானம் போனதை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். கார்டுக்கு அபராதம் போடாவிட்டால் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்தியும் இருக்கிறார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இந்தக் கடிதமே காரணம் என்று சொல்லப்படுகிறது. கல்லூரியில் எங்கள் ஆசிரியர் இதை பாபு ஆங்கிலத்துக்கு உதாரணமாக வாசித்துக் காட்டினார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நாங்கள் சிரித்தது இலக்கணப் பிழைகளுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் தன் வெட்கத்தைத் தானே ஆபீஸ் மேஜைமேல் கொண்டுபோய் வைத்ததைத் தாங்கமுடியாமல்தான் சிரித்திருக்கிறோம். எங்கள் மனுவில் பிழை இல்லை. வெட்கமும் இல்லை. அனுபவத்தின் உண்மை என்று பத்து வருஷமாக மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் நான், அது கைக்கு வந்தபோது சென்டிமீட்டராக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது மனு எழுதினேன். அவருடைய வாக்கியத்தை அப்படியே சேர்த்தேன். ஆங்கிலப் பிரதியில் ‘கை நீட்ட’ என்பதில் பாதிதான் வந்தது. இறங்கும்போது பிடித்துக்கொள்ள நீட்டும் கை வந்தது, யாசிக்கும் கை வரவில்லை. ஆகவே அந்த ஒரு வரியைத் தமிழிலேயே விட்டேன். செயலாளர் படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனில் பூக்காரம்மாவைப் பார்த்து வாசித்துக் காட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்ற எண்ணம் எனக்கு இருந்திருக்க வேண்டும். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“அத்த ஏன் எய்துன? ஆபீஸரு படிப்பாரே.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓகில் சந்திர சென் எழுதியது அவருடைய வெட்கம், கீழே போட்டது அவருடைய பெயர். நான் எழுதியது இன்னொருவருடையது. முதலில் அதை அடித்தபோதும் அவரைக் கேட்கவில்லை, பிறகு சேர்த்தபோதும் கேட்கவில்லை.

“அடிச்சிடட்டுமா அம்மா?” என்றேன்.

வண்டி வந்துவிட்டது. ஒரு கல்லூரிப் பெண் உள்ளேயிருந்து கை நீட்டினாள். அதைப் பிடித்து ஏறி, கூடையையும் வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடி சொன்னார்:

“இருக்கட்டும். பேரு மட்டும் போடாத.”

மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. இங்கேயும் நான் பெயர் போடவில்லை.