மணப்பாட்டில் கற்ற பாடம்

கணவனும் மனைவியுமாக ஆசிரியப் பணியில் இருக்கும் எங்களுக்குக் கோடை விடுமுறை ஓய்வுக்காலம் மட்டுமன்று. முடிந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கும் காலமுமாகும். சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் பாடம் நடத்திய வகுப்பில் கடற்கரையூர் மாணவன் ஒருவன் இருந்தான். ஆண்டு முழுவதும் வாய் திறவாதவன். "கவனக்குறைவு மிக்கவன்" என்று அவனது தேர்ச்சி அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டோம். எனினும் எங்கள் மனம் அமைதி கொள்ளவில்லை.

மே மாத இறுதியில் பிள்ளைகளுடன் திருநெல்வேலியில் இரயிலேறித் திருச்செந்தூரில் இறங்கினோம். கடலோரத்தில் முருகன் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் உயர்ந்து நின்றது. அங்கிருந்து பேருந்தில் பனைகள் நிறைந்த வழியே குலசேகரன்பட்டினத்தைக் கடந்து, தெற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மணப்பாட்டை அடைந்தோம்.

கடலை ஒட்டிய மணற்குன்றின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. அருகே, அலையோசை கேட்கும் பாறையில், புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. அங்கே முழந்தாளிட்டபோது அவரை வேதபோதகராக மட்டுமன்றி, ஓர் ஆசிரியராகவும் நினைத்துப் பார்த்தோம்.

1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, பரதவ மக்கள் ஆயிரக்கணக்கானோர் ஏற்கனவே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்கள் மொழியில் செபம் சொல்லித்தர ஆளில்லை. அவர் மக்களைக் குறை கூறவில்லை. முதலில் தாமே மாணவரானார். இருமொழியும் அறிந்தோரின் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். அதன் பின்னரே கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். கற்ற பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்குக் கற்பித்தனர். அவருக்குப் பின் இக்கரையில் உழைத்த அன்றிக் அடிகளார் தமிழுக்கு இலக்கணமே எழுதினார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது.

குன்றிலிருந்து இறங்கினோம். கரையில் பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் தந்தையுடன் வலை சீர் செய்துகொண்டிருந்தான். எங்கள் மகள் ஏதோ கேட்க, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயர்களையும், எந்தக் காற்றில் கடல் எப்படி மாறும் என்பதையும் தங்குதடையின்றி விளக்கினான். "அம்மா, இந்த அண்ணன் உங்களுக்கே பாடம் சொல்லுகிறாரே!" என்றாள் மகள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நோக்கித் தலைகுனிந்தோம். எங்கள் மாணவனிடம் இப்படி ஒரு கேள்வியை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் வாய் திறக்கவில்லை என்று எழுதினோம். அவன் வாய் திறக்கும்படி நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். முதல் நாளே அவனை அருகழைத்து, கடலைப் பற்றிச் சொல்லித்தரும்படி கேட்பதென்று முடிவு செய்துள்ளோம். அன்று ஆசனம் அவனுக்கு, மாணவர் நாங்கள்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் பேசாத பிள்ளை ஒன்று இருக்கலாம். கடிந்துகொள்ளுமுன் அதன் மொழியைச் சிறிது கற்றுக்கொள்வோம். குகையில் செபித்த அந்தப் பேராசான் நமக்காகவும் பரிந்து பேசுவாராக!