வெள்ளிக்கிழமை மீன்

சின்சினாட்டி, 2025

மார்ச் 7, வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. கத்தோலிக்கரான என் கணவருக்கு இறைச்சி கிடையாது. யூத மதத்துக்கு மாறப்போகும் எனக்கோ வெள்ளி மாலைச் சபாத் மேசையில் கோழி இல்லாவிட்டால் விருந்து நிறையாது. கடைசியில் சால்மன் வாங்கினேன். துடுப்பும் செதிலும் உள்ள மீன். யூத விதிக்கும் சரி, கத்தோலிக்க ஒறுத்தலுக்கும் சரி. மெக்டொனால்ட்ஸின் மீன் பர்கர் 1962இல் பிறந்ததே இந்த ஊரில்தான். வெள்ளிதோறும் கத்தோலிக்கர்கள் கடைப்பக்கம் வராததால் வந்த யோசனை அது.

சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கையில் விளக்கேற்றினேன். எபிரேய ஆசியைத் தட்டுத்தடுமாறி முடித்ததும் "ஆமென்" என்றார். அதில் மட்டும் அவருக்குத் தடுமாற்றமே இல்லை.

மார்ச் 19, புதன்

அவரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார் ரபி. மனைவி யூதராவதில் சம்மதமா என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. என் நம்பிக்கைக்கு இவர் ஒப்புதல் எதற்கு?

வீடு வருவதற்குள் கோபம் ஆறிவிட்டது. கணவர் யூதரல்லாதவராக இருக்கும்வரை, ஆர்த்தடாக்ஸ் ரபிகள் என்னை ஏற்கவே மாட்டார்கள். என் மனதைச் சந்தேகித்து அல்ல. யூதர் வேற்று மதத்தவரோடு மணவாழ்வு நடத்துவதை அவர்கள் சட்டம் ஒப்பாது. என்னைச் சேர்த்தால் அப்படியொரு குடும்பத்தை அவர்களே உண்டாக்கியதாகிவிடும். சீர்திருத்தப் பிரிவில் ஆளையும் வீட்டையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வீட்டைப் பார்ப்பதென்றால் அவரைக் கேட்காமல் எப்படி?

எல்லோரும் விவிலியத்தின் ரூத்தை உதாரணம் காட்டுகிறார்கள். ரூத் மாமியார் பின்னால் போனபோது அவள் கணவன் உயிரோடில்லை. இந்தச் சங்கடமெல்லாம் அவளுக்கு ஏது?

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, யூதரின் பாஸ்கா, சபாத் மூன்றும் ஒரே மாலையில். அவருக்கு இறைச்சி ஆகாது, ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. எனக்குப் புளித்த மாவு ஆகாது. பங்குக் கோயிலில் பொரிக்கும் மீனுக்கு மாவுப்பூச்சு உண்டு, அதுவும் போயிற்று. வேகவைத்த மீன், உருளைக்கிழங்கு, புளிக்காத ரொட்டியான மட்ஸா. மட்ஸாவைக் கடித்துவிட்டு, "இன்று நோன்பு எனக்கா உனக்கா?" என்றார்.

நாளை மறுநாள் மாமியார் வீட்டில் ஈஸ்டர் விருந்து. எங்கள் பிரிவில் பாஸ்கா ஏழு நாள்தான், நாளை இரவோடு முடிகிறது, ரொட்டி சாப்பிடலாம். பன்றித் தொடையை வேண்டாமென்று எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லிவிட்டாராம்.

மே 29, வியாழன்

அடுத்த வாரம் என் மதமாற்றத்தை முடிவுசெய்யும் மூவர் அவை. பிறகு மிக்வா குளத்தில் முழுக்கு. உடலுக்கும் நீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது: நகப்பூச்சு, தோடு, கல்யாண மோதிரம். சோப்புப் போட்டும் மோதிரம் அசையவில்லை. பல்லிடுக்கு நூலை விரலில் நெருக்கிச் சுற்றி, கணுவைத் தாண்டி அவர்தான் கழற்றிக் கொடுத்தார். "முழுகி எழுந்ததும் போட்டுக்கொள்" என்றார்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பதா என்பதை இன்னும் பேசவில்லை.